புனிதர் சரிதமும் புழங்கும் வாழ்வும்

புனிதர்களின் வரலாறுகள் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதியன அல்ல. நவநாள் சிறுநூலாகவும், மறையுரையின் எடுத்துக்காட்டாகவும், அம்மானையாகவும், வாசகப்பாவாகவும், திருவிழா இரவில் விடியும்வரை நிகழும் கூத்தாகவும் அவை நம்மிடையே வழங்கி வந்துள்ளன. ஆயினும் அவற்றை இலக்கியமாகக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் நம்மிடம் அரிதாகவே இருக்கிறது. பக்தி நூலைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது பக்திக் குறைவு என்னும் தயக்கமே இதற்குக் காரணம். இத்தயக்கம் தேவையற்றது என்று கருதுகிறோம். ஒரு சமூகம் யாரைப் புனிதர் எனக் கொண்டாடுகிறது என்பது எவ்வளவு முக்கியமோ, அவருடைய கதையில் எதை விரித்துரைக்கிறது, எதைச் சுருக்கிக் கடக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். ஏனெனில், எது புனிதம் என்று அச்சமூகம் உள்ளூர நம்புகிறதோ அதுவே விரித்துரைக்கப்படும்.

இக்கேள்வியோடு நாங்குநேரிச் சீமையைச் சுற்றிவரின் சிந்தனைக்குரிய செய்திகள் சில கிடைக்கின்றன. நாங்குநேரி ஊர், நம்மாழ்வார் பாடிய வானமாமலைப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்றது. மேற்கே மலையடிவாரத்தில், ஏமி கார்மைக்கேல் அம்மையார் அரை நூற்றாண்டு தொண்டாற்றிய டோனாவூர் இருக்கிறது. தெற்கே சென்றால், மறைசாட்சி தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம். சிறு நிலப்பரப்புக்குள் புனிதத்தைப் பற்றிய பேச்சு இத்துணை செறிந்து கிடக்கும் இடங்கள் தமிழகத்தில் பல இல்லை.

முதலில் அளவுகோலைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 1964 நவம்பரில் வெளிவந்த, திருச்சபை பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கக் கொள்கை விளக்கம், தன் ஐந்தாம் அதிகாரத்தில், தூய வாழ்வுக்கான அழைப்பு துறவியர்க்கும் குருக்களுக்கும் மட்டும் உரியதன்று, திருமுழுக்குப் பெற்ற எல்லாருக்கும் உரியது என்று அறிவித்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2018 மார்ச்சில், திருத்தந்தை பிரான்சிஸ் ‘அகமகிழ்ந்து களிகூருங்கள்’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில் அதே போதனையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வீட்டில் வாழும் புனிதர்களைப் பற்றி அவர் பேசினார். பிள்ளைகளைப் பொறுமையோடு வளர்க்கும் பெற்றோர், குடும்பத்தின் உணவுக்காக உழைத்துக் களைப்போர், நோயிலும் முகம் கோணாதோர் ஆகியோரைச் சுட்டினார். கடைக்குச் செல்லும் பெண்ணொருத்தி வழியில் பிறரைப் பழிக்கும் பேச்சு எழும்போது அதில் கலவாதிருப்பதையே தூய்மைக்கான ஒரு படியாகக் காட்டினார். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் சரித இலக்கியத்தை அணுகினால் என்ன தெரிகிறது?

தேவசகாயத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். மார்த்தாண்டவர்ம மன்னரின் அரண்மனை அலுவலர். 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் அம்மன்னரிடமே படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய், துயருற்றிருந்த இவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். அதன் பயனாக 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரின் கையால் திருமுழுக்குப் பெற்றார். 1749 பிப்ரவரியில் கைதானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாற்றுத் தூய சவேரியார் ஆலயத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியத் திருச்சபையின் முதல் பொதுநிலைப் புனிதர் இவரே.

இவ்வரலாற்றைக் கூத்தாகவும் பாடலாகவும் கதையாகவும் நம் மக்கள் போற்றி வந்தனர். ஈழத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபிலும் தேவசகாயத்தின் கதைக்குச் சிறப்பிடம் உண்டு. ஆனால் இவ்வடிவங்கள் பெரும்பாலும் எங்கே நின்று நிதானிக்கின்றன? எருமை மீது பின்புறமாக ஏற்றி ஊர்வலம் விட்ட காட்சியில், கசையடியில், காயங்களில் தேய்த்த மிளகாய்த் தூளில், புலியூர்க்குறிச்சியில் பாறை நீர் சுரந்த அதிசயத்தில், காற்றாடிமலையில் மணிபோல் ஒலித்த பாறையில். சிறையும் மரணமும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளின் செய்தி. திருமுழுக்குக்கும் கைதுக்கும் இடைப்பட்ட காலமோ மூன்றே முக்கால் ஆண்டு. நீண்ட காலம் இரண்டாவதுதான். ஆனால் கூத்தில் அது சில விருத்தங்களோடு முடிந்துவிடுகிறது.

கூத்தாசிரியர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. விடியும்வரை மக்களை அமர்த்தி வைக்க வேண்டிய கலைக்கு மோதல் தேவை. அரசனும் அமைச்சனும் சேவகனும் வாதிடும் தர்க்கப் பாடல் தேவை. மேலும், மறைசாட்சியின் பாடுகளில் ஆண்டவரின் பாடுகளைக் கண்டு உருகும் மனம் பெரிய வெள்ளியன்று பாடப்படும் ஒப்பாரியால் பண்பட்ட மனம். அந்த உருக்கம் பொய்யன்று. படிப்பறியாத தலைமுறைகளுக்கு விசுவாசத்தைக் கைமாற்றிக் கொடுத்ததும் அவ்வுருக்கமே. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. அது கலைக்குறையும் ஆகும், பொருட்குறையும் ஆகும்.

அக்குறை இது. அந்த மூன்றே முக்கால் ஆண்டு வாழ்வை விட்டுவிட்டால் மரணத்திற்கே காரணம் விளங்காமற் போகிறது. தேவசகாயம் தம் புதிய விசுவாசத்தை உள்ளத்தில் பூட்டி வைத்திருந்தால் அரண்மனைக்கு அவர் பெரும் இடையூறாகியிருக்க மாட்டார். பிறப்பால் உயர்ந்தோர் எனப்பட்டவர் ஒருவர், எல்லாச் சாதியினரோடும் தடையின்றிப் பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். சாதி வேறுபாடு கடந்த சமத்துவத்தை அவர் வலியுறுத்தியதைப் புனிதர் பட்ட நிகழ்வையொட்டித் திருப்பீடமும் எடுத்துரைத்தது. உணவு, இருக்கை, பேச்சு என்னும் அன்றாடச் செயல்களே அவரைக் காற்றாடிமலைக்கு இட்டுச் சென்ற வழி. ஆகவே அவருடைய மறைசாட்சியம் 1752-ல் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. ஒவ்வொரு நாள் உணவு வேளையிலும் நிகழ்ந்து, இறுதியில் வெடியோசையால் உறுதி செய்யப்பட்டது. கசையடியைப் பத்துப் பாடலில் விவரித்துவிட்டு உடனுண்ணலை ஒரே வரியில் கடக்கும் சரிதம், விளைவைப் பாடிக் காரணத்தை மறைக்கிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. தேவசகாயத்தின் துணைவியார் பார்கவி, ஞானப்பூ என்னும் பெயரோடு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். கணவரின் மரணத்திற்குப் பின் சொந்த ஊருக்குத் திரும்பாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து, 1766-ல் மறைந்து, அங்கேயே அடக்கமானார் என்பது மரபு. அப்படியாயின், பிரிந்து வந்த உறவினரும் இல்லாமல், பழகிய மொழிச் சூழலும் இல்லாமல் பதினான்கு ஆண்டுகள்! கூத்தில் அவருக்குப் புலம்பல் உண்டு. கணவர் இறந்ததும் அவர் மேடையிலிருந்து மறைந்துவிடுகிறார். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவர் நீர் எடுத்ததும், உலை வைத்ததும், பிறர் ஊரில் பிறர் நடுவே விசுவாசத்தைக் காத்ததும் பாடற்பொருள் ஆகவில்லை. வெடிமருந்தின் முன் ஒருகணம் உறுதியாய் நிற்பது அரியது. பதினான்கு ஆண்டுகள் ஒவ்வொரு விடியலிலும் அதே உறுதியோடு எழுவது அதனினும் எளியது என்று யாரால் சொல்ல இயலும்?

அன்றாட வாழ்வைப் பாடுவது தமிழ் மரபுக்கு இயலாத செயல் என்று கூற முடியாது. வள்ளுவர் துறவறத்துக்கு முன்னே இல்லறத்தை வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் தொகுத்த அடியார் வரலாறுகளில் தொழிலே வழிபாடாகிறது. திருநீலகண்டர் குயவர்; திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர்; நேசர் நெசவாளர்; அதிபத்தர் நாகையின் மீனவர். நாள்தோறும் வலையில் படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்ட அதிபத்தர், ஒரே ஒரு மீன் மட்டும் அகப்பட்ட வறுமைக் காலத்திலும் அதனையே விட்டார். அங்கே அதிசயம் பின்னால் வருகிறது. முன்னால் நிற்பவை வலையும் பசியும். அவ்வரலாறுகளிலும் மிகையும் கொடுமையும் உண்டு என்பதை நாம் அறிவோம். எனினும் அடியார் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது அவர் என்ன வேலை செய்து உண்டார் என்று சொல்லத் தவறாத அந்த நெறி நம் சரிதக்காரர் கற்க வேண்டிய நெறி.

நம்முடைய பெருங்காப்பியமாகிய தேம்பாவணியில் இந்நெறிக்கு ஓர் அரிய வாய்ப்பு இருந்தது. 1726-ல் வீரமாமுனிவர் இயற்றிய அந்நூல் மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் வளன், அதாவது சூசையப்பர். நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத தச்சுத் தொழிலாளி ஒருவரைக் காப்பியத் தலைவராக்கிய துணிவு வியக்கத்தக்கது. ஆயினும் காப்பிய இலக்கணம் தன் விலையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டது. நாடும் நகரும் வருணிக்கப்பட்டன. தாவீதின் அரச மரபு முன்னிறுத்தப்பட்டது. வானவர் இறங்கி வந்தனர். மௌனியானவர் நீண்ட உரைகள் நிகழ்த்தினார். தச்சுப்பட்டறையின் மரத்தூள் அந்த மணிமாலையின் ஒளியில் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. இது முனிவரின் புலமைக் குறைவன்று. பெரியோர் என்றால் அரசரைப்போல் பாடவேண்டும் என்று அக்காலத்து அவை எதிர்பார்த்தது. அவ்வெதிர்பார்ப்புக்குச் செலுத்திய காணிக்கை அது. ஆனால் சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராகப் போற்றும் இன்றைய திருச்சபைக்கு, உளியும் வியர்வையும் தோன்றும் வேறொரு வளனும் வேண்டியிருக்கிறது. வடக்கன்குளத்துப் பங்கு ஆலயம் திருக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியது என்பதை இங்கே நினைவில் வைப்பது நலம்.

நாம் தேடும் வகை எழுத்து நாங்குநேரி வட்டாரத்திலேயே ஒருமுறை எழுதப்பட்டுள்ளது. அதை எழுதியவர் நம் திருச்சபையினர் அல்லர். எழுதப்பட்ட மொழியும் தமிழன்று. அயர்லாந்திலிருந்து வந்து டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல், 1924-ல் ‘மிமோசா’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சிறுமியாய் ஒருமுறை வந்து இறையன்பைப் பற்றிச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, தந்தையின் மறுப்பால் திரும்பிப்போன ஒரு தமிழ்ப் பெண்ணின் வரலாறு அது. விவிலியம் இல்லை, வழிகாட்ட ஒருவரும் இல்லை, கணவன் வீட்டில் கடன், வறுமை, நோய், ஊராரின் ஏளனம். இவற்றினூடே இருபதாண்டுகளுக்கு மேலாக அவள் தான் கேட்ட அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு வாழ்ந்ததை அந்நூல் சொல்கிறது. கடனும் சமையலும் பிள்ளைப்பேறும் அங்கே கதையின் பின்னணியாக நிற்கவில்லை, கதையே அவைதான். நூலில் அயலவர் பார்வைக்குரிய குறைகள் உண்டு. பிற சமயத்தாரின் வாழ்வைக் காணும் கண்ணில் நீதி போதாத இடங்களும் உண்டு. ஆயினும் நம் வட்டாரத்துக் குடும்பப் பெண்ணொருத்தியின் மறைவான தூய்மையை ஒரு நூலின் முழுப்பொருளாக்கிய தகுதி அதற்கு உரியது. 1931-ல் நேர்ந்த விபத்துக்குப் பின் ஏறக்குறைய இருபதாண்டுகள் படுக்கையில் கழித்து 1951 ஜனவரியில் மறைந்த அம்மையார், தம் கல்லறைமேல் கல் நாட்டலாகாது என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தனர். அன்றாடத்தின் புனிதத்துக்கு அவ்வொரு சொல்லே சரிதமாய் அமைந்துவிட்டது.

சரிதத்தில் எதை விட்டோம் என்பது வெறும் இலக்கியக் கேள்வியாக நின்றுவிட்டால் இத்தனை சொல்ல வேண்டியதில்லை. விட்டதன் விளைவை வடக்கன்குளமே காட்டுகிறது. எல்லாரோடும் உடனமர்ந்து உண்டவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 1872-ல், ஒரே பீடத்தை நோக்கி இரு தனித்தனிக் கூடங்கள் அமைந்த ஆலயம் எழுந்தது. ஒரு சாரார் ஒரு கூடத்திலும் மற்றவர் மறு கூடத்திலுமாக, இடையே தடுப்போடு, ஒரே நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டனர். அதன் வடிவத்தைக் கண்டோர் அதைக் காற்சட்டைக் கோயில் என்றனர். 1910-ல் அட்ரியான் கௌசானல் அடிகளார் அத்தடுப்பை அகற்றினார். அதை மீண்டும் எழுப்பித் தரவேண்டும் என்று கிறிஸ்தவர்களே வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. அவர்கள் கோரிய உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. தேவசகாயத்தின் பாடுகளை நினைத்து அழுத கண்களும் தடுப்புச் சுவரைக் கேட்டு நீதிமன்றம் ஏறிய கால்களும் ஒரே சமூகத்தினவே. இது எப்படி இயன்றது? அவர் எப்படி இறந்தார் என்பதை அறிந்த அளவு, எப்படி உண்டார் என்பதை அச்சமூகம் அறிய விரும்பவில்லை. அவருடைய வேதனை வழிபாட்டுக்குரியதாயிற்று. அவருடைய பந்தி பின்பற்றுவதற்கு உரியதாகவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. புனிதர் பட்டத்துக்கு முன்னதாக, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை நீக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, அது நீக்கப்பட்டது. 270 ஆண்டுகளுக்கு முன் அவர் வாழ்வால் களைந்ததை நாம் அவர் பெயரிலேயே சுமத்தி வைத்திருந்தோம் என்பதே இதன் பொருள். அதற்கடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரை அவருடைய பள்ளித் தோழர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஒரு முழ நூலில் சாதி குடியிருக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். அந்நூலைப் பிள்ளையின் கையில் கட்டுவதும் அவிழ்ப்பதும் வீட்டில் நடக்கும் செயல்கள். பெற்றோர் உணவு வேளையில் அடுத்த தெருவைப் பற்றிப் பேசும் ஒரு சொல், அல்லது பேசாதுவிடும் ஒரு சொல், அங்கே புனிதத்தின் களமாகிறது.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அன்றாடப் புனிதம் என்று பேசத் தொடங்கினால் தூய்மை மலிவாகிவிடும். அயலாரிடம் இன்முகம் காட்டினால் போதும் என்று ஆகிவிடும். மறைசாட்சியின் வீரம் மங்கிவிடும் என்பர் சிலர். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. புன்னகையையும் பொறுமையையும் மட்டும் பட்டியலிடும் சிறுநூல்கள் பல, நல்ல மனிதருக்கும் புனிதருக்கும் வேறுபாடு காட்டாமல் நிற்பதை நாம் காண்கிறோம். ஆனால் தேவசகாயத்தின் வாழ்வே இவ்வச்சத்துக்கு விடை. அவருடைய அன்றாடம் எவருக்கும் இன்னாததாகாத இனிமை அன்று. ஒரு பந்தியில் அமர்ந்ததற்காக உறவையும் பதவியையும் இறுதியில் உயிரையும் கேட்ட அன்றாடம் அது. உண்மையில் அன்றாடத்தை நேர்மையாக எழுதுவதே மறைசாட்சியத்தின் கூர்மையைக் காக்கும். கசையடி நமக்கு நேரப்போவதில்லை; ஆதலால் அக்காட்சியைப் பார்த்து அழுதுவிட்டு அமைதியாக வீடு திரும்ப நம்மால் முடியும். எவரோடு உண்பது, எவர் வீட்டில் பெண் எடுப்பது, எவரைக் கல்லறைத் தோட்டத்தில் அருகே அடக்குவது என்ற கேள்விகளோ வீடுவரை நம்மைத் தொடர்ந்து வரும்.

சான்றுகள் போதா என்பது மற்றொரு தடை. தேவசகாயம் யாரோடு எங்கே உண்டார் என்று நாட்குறிப்பு எழுதி வைத்தவர் இல்லை. ஞானப்பூ அம்மாளின் பதினான்கு ஆண்டுகளுக்குச் சாட்சியாக ஒரு கல்லறையே எஞ்சுகிறது. இல்லாததை வரலாறாகப் புனைந்துவிடலாகாது என்பது சரியே. ஆனால் பாறை நீர் சுரந்ததைப் பாடத் தயங்காத கற்பனை, ஒரு விதவை உலை மூட்டியதைப் பாட மட்டும் சான்று கேட்பது விந்தை. வரலாற்றாசிரியர் வாய்மூடும் இடத்தில், கூத்தாசிரியரும் நாடக ஆசிரியரும் சிறுகதையாளரும் இன்னது கற்பனை என்று வெளிப்படையாகச் சொல்லியே எழுதலாம்.

எழுதப்பட வேண்டியவை பல உள. வடக்கன்குளம் வந்து சேர்ந்த ஞானப்பூவின் முதல் நாள் இரவு ஒரு நாடகத்துக்குப் போதுமான பொருள். தடுப்பு அகற்றப்பட்ட பின் வந்த முதல் ஞாயிறன்று, அதுவரை மறுபுறம் நின்றவர் அருகில் முழந்தாளிட்ட ஒருவரின் உள்ளம் ஒரு நாவலுக்குப் போதும். பீடி சுற்றியும் பனையேறியும் செங்கல் சூளையில் வெந்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாலையில் களைப்போடு செபமாலை சொல்லி, அயல் சாதிப் பிள்ளைக்கும் அதே தட்டில் சோறிட்ட தாய்மார் நம் ஊர்களில் இருந்தனர், இருக்கின்றனர். அவர்களுக்குப் புனிதர் பட்டம் வேண்டி எவரும் மனுச் செய்யப் போவதில்லை. நவம்பர் முதல் நாளில் திருச்சபை கொண்டாடும் அனைத்துப் புனிதர் பெருவிழா அவர்களுடையது. அப்பெருவிழாவுக்குரிய இலக்கியம் நம் மொழியில் இன்னும் போதுமான அளவு பிறக்கவில்லை.

ஜனவரி 14 தோறும் காற்றாடிமலையில் மக்கள் கூடுவர், கூத்துகளும் நிகழும், பாடுகளின் பாடல் கேட்கப்படும். அது தொடரட்டும். எழுதுவோர் அதனோடு ஒரு காட்சியை மட்டும் கூட்டித் தரட்டும். விலங்கும் எருமையும் வருவதற்கு முன், தேவசகாயம் ஓர் எளியவர் வீட்டுத் திண்ணையில் இலை போட்டு அமரட்டும்; சோறு பரிமாறப்படட்டும்; அவர் உண்டு முடிக்கும்வரை அண்ணாவியார் அடுத்த பாட்டைத் தொடங்காதிருக்கட்டும். அவ்வளவு நேரம் அக்காட்சியைப் பொறுமையோடு பார்த்திருக்கும் ஊரில், எவரோடு அமர்ந்து உண்பது என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழாமல் இராது.